1400 மி.மீ. பால்சா ட்ரெய்னர் (பழகுவதற்கான மாடல் விமானம்): சிஜி (எடை சமன்படும் புள்ளி) 92-இல் நிற்கிறது, பிளானில் 68. ஈயம் தவிர வழி உண்டா?

வாடைக்காற்று எழுதியது:

வணக்கம். ரேடியோவில் இயக்கும் மாடல் விமானம், லேசரில் வெட்டிய பால்சா (மிக லேசான மரம்), பிளைவுட் கிட். மேலிறக்கை ட்ரெய்னர். இறக்கை நீளம் 1400, அகலம் எய்லரானையும் (இறக்கையின் பின்னோரத்தில் அசையும் பலகை) சேர்த்து 230, வேரிலிருந்து (உடலோடு சேரும் முனை) நுனிவரை ஒரே அகலம். அடிப்பக்கம் தட்டையான ஏர்ஃபாயில் (இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம்). எலும்புக்கூடு முடிந்துவிட்டது, கவரிங் ஃபிலிம் இன்னும் ஒட்டவில்லை. எல்லாச் சாமானையும் அதனதன் இடத்தில் டேப் போட்டு நிறுத்திப் பார்த்தால் மொத்தம் 1240 கிராம். ஆனால் சிஜி முன்விளிம்பிலிருந்து 92 மி.மீ.-இல் நிற்கிறது. பிளான் 68 கேட்கிறது.

சாமான்கள்: 3536 அளவு 910 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு இத்தனை சுற்று) மோட்டார், 11x5.5 அங்குல ப்ராப் (விசிறி), 40 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி, 38 கிராம்), 3எஸ் 2200 லிப்போ (மூன்று செல் லித்தியம் பாலிமர் பாட்டரி, 185 கிராம்), 9 கிராம் சர்வோ (அசையும் பலகைகளைத் திருப்பும் சிறு மோட்டார்) நான்கு. எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை), ரட்டர் (இடம் வலம் திருப்பும் வால் பலகை) சர்வோக்களை வாலருகிலேயே வைத்துவிட்டேன். கிட்டில் அதற்கும் துளை வெட்டித் தந்திருக்கிறார்கள்; புஷ்ராட் (சர்வோவையும் பலகையையும் இணைக்கும் கம்பி) குட்டையாக முடிகிறது என்பதால் அதைத் தேர்ந்தேன். இரண்டுக்கும் நீட்டிப்பு வயர் ஓடுகிறது.

அந்த 68 மி.மீ. கோட்டிலிருந்து அளந்த தூரங்கள்: ஃபயர்வால் (மோட்டார் பொருந்தும் முன்பலகை) 230 முன்னே, பாட்டரியின் நடு 70 முன்னே, வால் சர்வோக்கள் 500 பின்னே, ஸ்டெபிலைசரின் (வாலின் கிடைமட்டப் பலகை) நடு 600 பின்னே. ஸ்டெபிலைசரும் எலிவேட்டரும் சேர்ந்து 450 x 120, முழு 5 மி.மீ. பால்சா, 43 கிராம்.

இன்னும் இரண்டு சிக்கல். பிளானில் மோட்டார் 2 டிகிரி வலம், 2 டிகிரி கீழ் என்று இருக்கிறது. ஃபயர்வாலை நேராக ஒட்டிவிட்டேன், எபாக்ஸி இறுகிவிட்டது. இரண்டாவது, இடது இறக்கையின் வேரை மேசையில் படிய அழுத்தினால் நுனியில் முன்விளிம்பு 5 மி.மீ. தூக்குகிறது. வலது இறக்கை சரியாகப் படிகிறது. இரண்டிலும் மேல்பக்க முன்ஷீட் (முன்விளிம்பை மூடும் மெல்லிய பால்சா தகடு) இன்னும் ஒட்டவில்லை.


ரிப்புநம்பர்7 எழுதியது:

ஃபிலிம் ஒட்டுவதற்கு முன்னாலேயே நிறுத்திப் பார்த்தது நல்லது. ஒட்டிய பிறகு இதைக் கண்டுபிடித்திருந்தால் ஈயத்தைத் தவிர வேறு வழி இருந்திருக்காது.

முதலில் அளவு சரியா என்று பாருங்கள். பிளான் தாளில் அளவுகோல் கோடு அச்சாகியிருக்கும். அதை ஸ்டீல் ஸ்கேலால் அளந்தால் தாள் சுருங்கி அச்சாகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். 68 என்பது 230-இல் ஏறக்குறைய 30 சதவீதம். ட்ரெய்னருக்கு அது வழக்கமான இடம், ஆகவே பிளான் எண்ணை நம்பலாம். உங்களுடைய 92 என்பது 40 சதவீதம். அங்கே எலிவேட்டரை ஒரு பொட்டுத் தொட்டாலே மூக்கு தூக்கும், தூக்கியது தானாக இறங்காது. அப்படியே பறக்கவிட வேண்டாம்.

இப்போது கணக்கு. 24 மி.மீ. முன்னே வர வேண்டும், எடை 1240. பெருக்கினால் 29,760 கிராம்-மி.மீ. இந்தக் கடனைத்தான் அடைக்க வேண்டும். ஃபயர்வாலில் ஈயமாக வைத்தால் 29,760 ÷ 230, அதாவது 130 கிராம். 1240 கிராம் விமானத்தில் 130 கிராம் செத்த எடை. வேண்டாம். இருப்பதையே நகர்த்துங்கள்.

பாட்டரிதான் பெரிய ஆயுதம். 2200 பாட்டரி ஏறக்குறைய 105 மி.மீ. நீளம். ஃபயர்வாலுக்குப் பின்னால் 10 மி.மீ. இடைவெளி விட்டு வைத்தால் அதன் நடு 165-இல் வரும். இப்போது 70-இல் இருக்கிறது. 95 மி.மீ. நகர்ந்தால் 185 x 95, 17,575 கிடைத்துவிடும். குறுக்கே நிற்கும் ஃபார்மரில் (உடலின் உள்சட்டம்) பாட்டரி நுழையும் அளவுக்கு ஜன்னல் வெட்டுங்கள். சுற்றிலும் 8 முதல் 10 மி.மீ. மரம் மிஞ்சட்டும். தரைக்கு 3 மி.மீ. லைட் பிளை, மேலே வெல்க்ரோ பட்டை. வெல்க்ரோ ஒட்டு மட்டும் போதாது. மூக்கு குத்தித் தரையிறங்கினால் 185 கிராமும் ஃபயர்வாலை இடிக்கும். பட்டை கட்டாயம்.

அடுத்தது வால் சர்வோக்கள். இரண்டும் 18 கிராம், 500-இலிருந்து 100-க்குக் கொண்டுவந்தால் 7,200. நீட்டிப்பு வயர் இரண்டும் 16 கிராம் வரும். அவற்றின் நடு 250 பின்னே என்று வைத்தால், கழற்றியதில் இன்னொரு 4,000. ஆனால் நீள புஷ்ராட் போட வேண்டும். 3 மி.மீ. கார்பன் குழாயும் இரு முனையிலும் கம்பித்துண்டும் சேர்ந்து ஒன்றுக்கு 6 கிராம். இரண்டும் 12, நடு 300 பின்னே, எனவே 3,600 கழிக்கவும். மிச்சம் 7,600. புஷ்ராட்டை முழு 2 மி.மீ. ஸ்டீல் கம்பியில் செய்தால் 500 மி.மீ.-க்கே 12 கிராம் ஆகிவிடும். சர்வோவை நகர்த்திய லாபத்தில் பாதி போய்விடும்.

ஈஎஸ்சியை மோட்டாருக்கு அடியில், ஃபயர்வாலுக்கு முன்னே கொண்டுபோனால் 120 மி.மீ. நகரும்: 38 x 120, 4,560.

மூன்றையும் கூட்டினால் 29,735. கடன் அடைந்தது போல் தோன்றும். ஆனால் ஃபிலிமை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. அதை இஸ்திரிப்பெட்டி சொல்லட்டும்.


மில்லிஆம்ப் எழுதியது:

மேலே சொன்ன கணக்கு சரி. ஈஎஸ்சி விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அதை எங்கே வைத்தாலும் பாட்டரிப் பக்க வயரை நீட்டாதீர்கள். நீட்ட வேண்டியிருந்தால் மோட்டார் பக்க மூன்று வயர்களை நீட்டுங்கள். பாட்டரிப் பக்கம் நீண்டால் ஈஎஸ்சியின் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் மின்னழுத்தக் குத்துகளை வாங்கிச் சூடாகிச் செத்துப்போகும். உங்கள் விஷயத்தில் பாட்டரியும் முன்னே வருவதால் இரண்டு பக்கமும் வயர் குட்டையாகவே முடியும். காற்று உள்ளே வர மூக்கில் ஒரு துளை, வெளியேற உடலின் அடியில் அதைப் போல இரு மடங்குத் துளை. பலர் நுழைவை மட்டும் வெட்டிவிட்டு வெளிவழியை மறப்பார்கள். உள்ளே போன காற்று தங்கிவிட்டால் குளிர்ச்சி கிடையாது.

மோட்டார் கோணம். ஃபயர்வாலைப் பிடுங்க வேண்டாம், வாஷர் போதும். எம்3 வாஷர் ஒன்று 0.5 மி.மீ. தடிமன். எதிரெதிர்த் துளைகளுக்கு இடையே 40 மி.மீ. இருந்தால், ஒரு பக்கம் மூன்று வாஷர் வைத்தால் 2 டிகிரி வந்துவிடும். விமானி இருக்கையிலிருந்து முன்னே பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மவுண்ட் கூட்டல் குறி போல நின்றால் இடது துளையில் மூன்று, மேல் துளையில் மூன்று, மற்ற இரண்டில் ஒன்றும் வேண்டாம். பெருக்கல் குறி போலத் துளைகள் பக்கம் 40 மி.மீ. உள்ள சதுரமாக நின்றால் மேல் இடதில் ஆறு, மேல் வலதில் மூன்று, கீழ் இடதில் மூன்று, கீழ் வலதில் சுழி. ஆறு வாஷர் வரும் இடத்தில் போல்ட் 3 மி.மீ. நீளமாக வேண்டும், பழைய போல்ட் இரண்டு மரை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கவனிக்காமல் விட்டால் மோட்டார் கையோடு வந்துவிடும். நட்டுக்கு நீல நிற த்ரெட்லாக்கர் ஒரு சொட்டு.

இந்தக் கோணம் அலங்காரத்துக்கு இல்லை. பவர் கொடுத்தால் ப்ராப்பின் முறுக்கும் சுழலும் காற்றும் சேர்ந்து விமானத்தை இடது பக்கம் இழுக்கும்; அதற்குத்தான் வலம். தட்டை அடி ஏர்ஃபாயில் வேகம் கூடக் கூட மூக்கைத் தூக்கும், அதற்குத்தான் கீழ். இரண்டும் இல்லாவிட்டால் த்ராட்டிலைத் (மோட்டார் வேக ஸ்டிக்) தொடும்போதெல்லாம் ட்ரிம்மையும் (ஸ்டிக்கின் நடுநிலையைத் திருத்தும் பொத்தான்) தொட வேண்டியிருக்கும்.

ஃபயர்வாலை எதால் ஒட்டினீர்கள்? 5 நிமிட எபாக்ஸி மட்டும் என்றால் உள்மூலைகளில் முக்கோண பால்சா கட்டை வைத்து 30 நிமிட எபாக்ஸியில் ஒட்டுங்கள். இரு பக்கமும் உடல் பலகை வழியாக 3 மி.மீ. துளையிட்டு மூங்கில் குச்சி இரண்டிரண்டு அடித்துவிட்டால் நிம்மதி. ஃபயர்வால் பிய்வது பெரும்பாலும் பசை தோற்று அல்ல. பிளைவுட் ஓரத்தில் சரியாகப் பசை ஊறாமல்தான்.


இஸ்திரிப்பெட்டி எழுதியது:

ஃபிலிம் சாதாரணமாகச் சதுர மீட்டருக்கு 65 கிராம் அளவில் வரும். இறக்கை இருபுறமும் 0.65 ச.மீ., 42 கிராம். அதன் நடு 115-இல் இருப்பதால் சிஜிக்கு 47 பின்னே: 2,000. உடலுக்கு 13 கிராம், பெரும்பாலும் பின்பாதியில்தான் விழும், இன்னொரு 2,000. வாலுக்கு 10 கிராம்தான், ஆனால் 600 மி.மீ. தூரத்தில், அதனால் 6,000. ஆக 10,000 புதுக் கடன். மூக்கில் ஈயமாகச் சொன்னால் 43 கிராம்.

இதை அடைக்க வாலையே குறையுங்கள். 450 x 120 x 5 என்பது 270 கன செ.மீ. உங்களுடையது 43 கிராம் என்றால் மரம் கன மீட்டருக்கு 160 கிலோ. வாலுக்கு இது கனத்த மரம். கடையில் 5 x 100 x 1000 ஷீட்டை எடை போட்டு வாங்குங்கள். 55 கிராம் என்றால் வாலுக்கு ஏற்ற மரம், 80 என்றால் வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். லேசான ஷீட்டில் புதிதாக வெட்டினால் 30 கிராமில் முடியும். மறுபடி வெட்ட மனமில்லை என்றால் இருப்பதிலேயே முக்கோண ஜன்னல்கள் வெட்டி 12 கிராம் எடுக்கலாம். ஜன்னல்களுக்கு நடுவே 12 முதல் 15 மி.மீ. பட்டை விடுங்கள், ஹிஞ்ச் (கீல்) கோடு, ஹார்ன் (புஷ்ராட் மாட்டும் கொம்பு) உட்காரும் இடம், உடலோடு ஒட்டும் நடுப்பகுதி மூன்றையும் தொடாதீர்கள். 12 x 600, 7,200. கடனில் பெரும்பங்கு போய்விட்டது.

இடது இறக்கை முறுக்கு. நுனியில் முன்விளிம்பு தூக்கியிருக்கிறது என்றால் நுனி அதிகக் கோணத்தில் காற்றை வாங்குகிறது. வேகம் குறைந்தால் அந்த நுனிதான் முதலில் ஸ்டால் ஆகி (தூக்குவிசையை இழந்து) இடது பக்கம் சாயும், அதுவும் தரையிறங்கும்போது. மேல் முன்ஷீட் ஒட்டாமல் வைத்திருப்பது உங்கள் அதிர்ஷ்டம். ஷீட்டும் ஸ்பாரும் (இறக்கையின் நீளவாட்டு முதுகெலும்புக் கட்டை) மூடிய பெட்டி ஆனபிறகு எந்த முறுக்கில் இருக்கிறதோ அப்படியே உறைந்துவிடும்.

சமமான பலகையில் வேரைக் குண்டூசியால் படியக் குத்துங்கள். நுனியில் முன்விளிம்பைப் பலகையோடு அழுத்திவிட்டு, பின்விளிம்புக்கு அடியில் 6 மி.மீ. கட்டை. 230 அகலத்தில் 6 மி.மீ. என்றால் 1.5 டிகிரி வாஷ்அவுட் (நுனியின் கோணம் வேரைவிடக் குறைவு). ட்ரெய்னருக்கு அது நன்மை. வலது இறக்கைக்கும் அதே 6, ஒரே கட்டையிலிருந்து அறுத்த துண்டு. பிறகு ஷீட்டை ஒட்டுங்கள். இங்கே ஃபெவிக்விக் வேண்டாம். தொட்ட நொடியில் பிடித்துவிடும், திருத்த முடியாது. ஃபெவிகால் மெல்லியதாகத் தடவி, மேலே மணல் பை வைத்து ஒரு இரவு முழுதும் விடுங்கள். மழைக்காலத்தில் ஒரு நாள். அவசரப்பட்டு ஈரத்தோடு பலகையிலிருந்து எடுத்தால் எடுத்த இடத்திலேயே மறுபடி முறுக்கும்.


வாடைக்காற்று எழுதியது:

நன்றி அண்ணன்களே. பாட்டரி, சர்வோ, ஈஎஸ்சி மூன்றும் நகர்த்தியாகிவிட்டது. வாலில் ஜன்னல் வெட்டி 12 கிராம் எடுத்துவிட்டேன். மொத்தம் இப்போது 1224. சிஜி 62-க்கு வந்துவிட்டது! 68-ஐத் தாண்டி முன்னே போய்விட்டதே, சர்வோவைக் கொஞ்சம் பின்னே தள்ளட்டுமா? இறக்கை இரண்டும் ஷீட் ஒட்டி 6 மி.மீ. கட்டையில் காய்கிறது.


ரிப்புநம்பர்7 எழுதியது:

தொடாதீர்கள். 62-இல் நிற்பதுதான் சரி. 68-க்கு 6 மி.மீ. முன்னே, 1224 கிராம்: கையில் 7,300 சேமிப்பு. ஃபிலிம் 10,000 கேட்கும். ஒட்டி முடித்ததும் சிஜி 70-இல் வந்து நிற்கும். அதற்கு மூக்கில் 10 கிராம் போதும். டயர் கடையில் அலாய் வீலுக்கு ஒட்டும் பேலன்ஸ் கட்டி 5, 10 கிராம் துண்டுகளாகக் கிடைக்கும். ஒரு துண்டை ஃபயர்வாலில் ஒட்டி மேலே எபாக்ஸி பூசுங்கள். வெறும் ஒட்டு வெயிலில் இளகும்.

கடைசிச் சோதனை எல்லாம் போட்டபின், பாட்டரி பட்டை கட்டியபின். இறக்கையின் அடியில் 68-இல் இருபுறமும் மார்க்கர் கோடு, அதில் இரண்டு விரல். மூக்கு இம்மி கீழே சாய்ந்தால் அதுவே போதும். பக்கவாட்டிலும் பாருங்கள்: ப்ராப் தண்டையும் வால் நுனியையும் பிடித்துத் தூக்கினால் எந்த இறக்கை விழுகிறதோ அதன் எதிர் நுனியில் 2, 3 கிராம்.

வாலை ஒட்டுவதற்கு முன் நூல் அளவு. உடலின் பின்முனை நடுவில் குண்டூசி குத்தி, அங்கிருந்து இரு இறக்கை நுனிகளுக்கும் நூல் பிடித்துப் பாருங்கள்; 2 மி.மீ.-க்கு மேல் வித்தியாசம் கூடாது. பிறகு ஸ்டெபிலைசர் நுனிகளிலிருந்து இறக்கை வேருக்கு அதே சோதனை. பின்னால் பத்தடி தள்ளி நின்று, ஸ்டெபிலைசர் இறக்கைக்கு இணையா என்று கண்ணாலேயே பாருங்கள். அதற்குக் கண்ணை மிஞ்சிய கருவி இல்லை.


இஸ்திரிப்பெட்டி எழுதியது:

ஃபிலிமுக்கு: 240, பிறகு 320 உப்புத்தாள். தூசியைத் துணியால் துடைத்தால் போகாது, வாக்குவம் பிடியுங்கள். ஒரு தூசி இருந்தாலும் கொப்புளமாகத் தெரியும். முதலில் அடிப்பக்கம், பிறகு மேல்பக்கம்; மடிப்பு 5, 6 மி.மீ., பின்விளிம்பின் அடியில் விழட்டும். ஓரம் பிடிக்க 100, 110 டிகிரி, சுருக்க 140, 150. ரோலோடு வரும் தாளில் வேறு எண் இருந்தால் அதுவே சட்டம். வீட்டு இஸ்திரிப்பெட்டியின் குமிழியில் டிகிரி இருக்காது, அகச்சிவப்பு வெப்பமானி வைத்துக்கொள்ளுங்கள், அடியில் பருத்தி சாக்ஸ் மாட்டுங்கள். சுருக்கும்போது மேலும் கீழும் மாற்றி மாற்றி. ஒரே பக்கத்தை முழுதும் இறுக்கிவிட்டால் நீங்கள் சரிசெய்த இறக்கை திரும்ப முறுக்கும். அப்படி ஆனால் எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்து, சுருக்கம் மறையும்வரை இரு பக்கமும் சூடு காட்டி, ஆறும்வரை கையை எடுக்காதீர்கள். இதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

ஸ்டெபிலைசர் உடலில் உட்காரும் இடத்தில் ஃபிலிமை எடுக்க வேண்டும், பசை மரத்தில்தான் பிடிக்கும். அங்கே பிளேடை அழுத்தி இழுக்காதீர்கள். அந்தக் கீறலில்தான் வால் ஒடியும். சால்டரிங் அயர்னின் சூடான முனையை ஸ்கேல் ஓரமாக ஓட்டினால் ஃபிலிம் மட்டும் உருகி விலகும்.

ஹிஞ்ச்: அது செருகும் வெட்டின் நடுவில் 2 மி.மீ. துளை ஒன்று போட்டால் பசை உள்ளே இறங்கும். நடுவில் குண்டூசி, இடைவெளி 0.5 மி.மீ.-க்குள், ஒவ்வொரு பக்கமும் மெல்லிய சிஏ (ஃபெவிக்விக் வகைப் பசை) மூன்று நான்கு சொட்டு. ஆக்ஸிலரேட்டர் (பசையை உடனே இறுக்கும் ஸ்ப்ரே) அடிக்காதீர்கள், பசை இழைக்குள் ஊறுவதற்கு முன் மேற்பரப்பிலேயே இறுகிவிடும். காய்ந்ததும் ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள்.


மில்லிஆம்ப் எழுதியது:

ப்ராப்பைக் கழற்றிவிட்டு மின்வேலை. த்ராட்டிலை முழுதும் மேலே வைத்து ரேடியோவை ஆன் செய்து, பாட்டரி செருகி, பீப் வந்ததும் கீழே இறக்கினால் ஈஎஸ்சி அளவு பிடித்துக்கொள்ளும். பிரேக் ஆஃப். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றுங்கள்; ப்ராப்பைத் திருப்பி மாட்டாதீர்கள், எழுத்து எப்போதும் முன்பக்கம். பெக் (ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் 5 வோல்ட் தரும் பகுதி) லீனியரா ஸ்விட்சிங்கா என்று ஈஎஸ்சி தாளில் பாருங்கள். லீனியர் என்றால் 3எஸ்-இல் ஒவ்வொரு ஆம்பியருக்கும் 7 வாட் சூடு. நான்கு சர்வோவுக்கு அதுவே எல்லை. தனி 5 வோல்ட் பெக் போடுவதானால் ஈஎஸ்சியின் சிவப்பு வயரைப் பிளக்கிலிருந்து எடுத்து டேப் சுற்றுங்கள்.

ரிசீவர் ஆண்டெனா முனைகள் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில், கடைசி 31 மி.மீ. வளையாமல், கார்பன் புஷ்ராட்டிலிருந்தும் பாட்டரியிலிருந்தும் தள்ளி. ஃபெயில்சேஃப்: ரேடியோவை அணைத்தால் த்ராட்டில் சுழிக்கு வர வேண்டும்.

பிறகு ப்ராப் மாட்டி, விமானத்தை ஆள் பிடித்துக்கொள்ள, வாட்மீட்டர். முழு த்ராட்டிலில் 25 முதல் 28 ஆம்பியர், 11 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் இருந்தால் ஏறக்குறைய 290 வாட், 1.3 கிலோவுக்கு அது தாராளம். 32-ஐத் தாண்டினால் 10x5-க்கு இறங்குங்கள். சராசரி 12 ஆம்பியர் என்று வைத்து, 2200-இல் 80 சதவீதம் மட்டும் எடுத்தால் 8 நிமிடம் சொச்சம். டைமரை 6-இல் வைத்து, இறங்கியதும் சார்ஜர் எத்தனை எம்ஏஎச் திரும்ப ஏற்றுகிறது என்று பார்த்துக் கூட்டுங்கள்.

அசைவுகள் (மி.மீ.): எய்லரான் மேலே 12, கீழே 8, எலிவேட்டர் இருபக்கமும் 12, ரட்டர் 22, எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதியில் அசைவை மென்மையாக்கும் அமைப்பு) 30 சதவீதம். ஸ்டிக்கை வலது தள்ளினால் வலது எய்லரான் மேலே வர வேண்டும். இதை விமானத்தின் பின்னால் நின்று பாருங்கள். முன்னால் நின்று பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டுத் தலைகீழாக மாட்டியவர்கள்தான் அதிகம்.